மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

தமிழ்நாடு, புதுச்சேரி மக்களவை உறுப்பினர்கள் 40 பேருக்கும் வணக்கம்.

குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். சென்ற ஆண்டு ஒரு பெண், கோடு போட்ட நோட்டுத் தாளில் தன் கைப்பட எழுதிய நான்கு பக்கப் புகாருடன் என்னிடம் வந்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைச் சுற்றிக் காவல் நிலையத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். “காய்ச்சலில் கிடந்தேன். வேண்டாம் என்று கும்பிட்டேன். கேட்கவில்லை.” கணவன் வற்புறுத்தி உறவு கொண்டதைச் சொல்லும் அந்த வரியை எடுத்துவிட்டு அடி உதையை மட்டும் எழுதிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது. “அப்படியானால் அது குற்றம் இல்லையா அக்கா?” என்றார். கணவன் செய்த கொடுமை என்று, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85ஆவது பிரிவில் சேர்க்கலாம், குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல.

பாரதிய நியாய சன்ஹிதாவில் வல்லுறவைக் குற்றமாக்கும் 63ஆவது பிரிவை ஒருமுறை முழுவதும் படியுங்கள். சம்மதம் என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கும் உடன்பாடு என்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்க்கிறது. மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்தில் வல்லுறவுக்கு ஆளான வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களை விடுவித்த நாளிலிருந்து பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிப் பெற்ற வரிகள் இவை. இவற்றுக்குக் கீழேயே இரண்டாவது விதிவிலக்கு இருக்கிறது: 18 வயது நிரம்பிய மனைவியுடன் கணவன் கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது. அந்த 18கூட நீதிமன்றம் தந்ததுதான். 2017 அக்டோபர் வரை பழைய தண்டனைச் சட்டத்தில் 15 என்றிருந்தது.

சட்டத்துக்கு இது புரியாமலும் இல்லை. பிரிந்து வாழும் மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் 67ஆவது பிரிவின்படி 2 முதல் 7 ஆண்டு சிறை. வேறு ஆணுக்கு அதே செயலுக்குக் குறைந்தது 10 ஆண்டு. ஆக, புகுந்த வீட்டு வாசலைத் தாண்டி வெளியேறினால்தான் அவள் சொல்லுக்கு மதிப்பு, அதுவும் குறைந்த மதிப்பு. போக்கிடமில்லாதவள் எங்கே போவாள்?

இது எதுவரை போகும் என்பதைச் சத்தீஸ்கரில் பார்த்தோம். 2017இல் கணவனின் செயலால் உள்காயமுற்று இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணின் வழக்கில், கீழ் நீதிமன்றம் அவனுக்கு 10 ஆண்டு விதித்தது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. மனைவியின் சம்மதம் இங்கே பொருட்டல்ல என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இறந்தவளின் சம்மதம்.

மனைவியின் சம்மதத்தை மீறக் கணவனுக்கு உரிமை இல்லை என்று 2024 அக்டோபரில் ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் அதை வல்லுறவு என்பது மிகக் கடுமையாகிவிடும் என்றும் சொன்னது. அந்தக் கடுமையை அனுபவித்தவரிடம் இந்த வாதத்தை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்ப் புகார் வரும் என்பார்கள். வரலாம், எந்தப் பிரிவில் வரவில்லை? மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு, விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. பொய்க்குப் பயந்து திருட்டுக்கு விதிவிலக்கு எழுதியதில்லையே.

இந்த விதிவிலக்கு செல்லுமா என்பதில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2022 மே மாதம் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்து விடை வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. இந்த விதிவிலக்கை நீக்கச் சொல்லி, 2012 டெல்லி கூட்டு வல்லுறவுக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 2013லேயே பரிந்துரைத்துவிட்டது. 2023 டிசம்பரில் புதிய சட்டம் மக்களவையில் நிறைவேறிய நேரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இடைநீக்கத்தில் இருந்தார்கள். இப்போது நீங்கள் அவையில் இருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம். 63ஆவது பிரிவின் இரண்டாவது விதிவிலக்கையும், அதோடு 67ஆவது பிரிவையும் நீக்கும் மசோதாவை உங்களில் ஒருவர் கொண்டுவாருங்கள். மற்ற 39 பேரும் கட்சி பாராமல் அவையில் எழுந்து பேசுங்கள். அந்த நான்கு பக்கங்களின் நகல் என் கோப்பில் இருக்கிறது, பென்சில் வட்டத்தோடு. எழுதியவர் அனுமதித்தால், பெயரை மறைத்து உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.