ஸ்கைரிம் மாட் செய்பவர்களுக்கு: எதையெல்லாம் தொட்டீர்கள் என்று எழுதுங்கள்

ஸ்கைரிம் கேமுக்கு மாட் (கேமை மாற்றியமைக்கும் சேர்க்கை) செய்யும் நண்பர்களுக்கு,

2011-இல் வந்த கேமை இன்னும் ஆசையாக ஆடுகிறோம் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம், அதுவும் உங்களில் பெரும்பாலானோர் காசே வாங்காமல் செய்கிறீர்கள். அந்த மரியாதையோடும் கொஞ்சம் உரிமையோடும் கேட்கிறேன்: உங்கள் பிளகின் (மாட்டின் மாற்றங்களைக் கேமில் ஏற்றும் ஃபைல்) எந்தெந்த ரெக்கார்டை (ஒரு இடம், ஆள், பொருள் பற்றிய தகவல் தொகுப்பு) மாற்றுகிறது என்பதை விளக்கப் பக்கத்தில் எழுதுங்கள். "எல்லா மாட்களோடும் ஒத்துப்போகும்" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை.

ஒரே ரெக்கார்டை இரண்டு பிளகின் மாற்றினால் கடைசியாக லோட் ஆவதுதான் ஜெயிக்கும், மாற்றிய இடம் மட்டுமல்ல, பெரும்பாலும் ரெக்கார்டு முழுவதும். ஒரு விடுதியின் செல் ரெக்கார்டில், அதாவது அந்த இடத்துக்கான ரெக்கார்டில், வெளிச்சம், இசை, உரிமையாளர் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. நீங்கள் இசையை மட்டும்தான் மாற்றியிருப்பீர்கள், ஆனால் உங்கள் பிளகின் லோட் ஆர்டரில் (லோட் ஆகும் வரிசையில்) கீழே இருந்தால் இன்னொருவர் பார்த்துப் பார்த்து அமைத்த வெளிச்சம் போய் பழையது திரும்பிவிடும். கேம் கிராஷ் ஆகாது, எச்சரிக்கை வராது, திட்டு மட்டும் வெளிச்சம் போட்டவருக்கு விழும். ஒருவர் கடைக்காரரின் முகத்தை மாற்றி, இன்னொருவர் அவருடைய உடைமையை மாற்றினால் முகம் கருத்துப்போகிறதே, அந்த மோதலாவது கண்ணுக்குத் தெரிகிறது. வெளிச்சம் போனதை எத்தனை பேர் கவனிப்பார்கள்?

லூட் (LOOT) என்ற கருவியைப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். லூட் பிளகின்களை வரிசைப்படுத்தும், மோதலைத் தீர்க்காது. மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசரில் மாட் பெயருக்குப் பக்கத்தில் வரும் மின்னல் குறி ஃபைல் மோதலுக்கானது. ரெக்கார்டு மோதலைப் பார்க்க எக்ஸ்எடிட் என்ற கருவியில் எல்லா பிளகின்களையும் திறந்து சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், புதிதாக ஆட வந்தவர் அங்கேயே சோர்ந்துபோய் எல்லா மாட்களையும் அழித்துவிடுகிறார்.

அப்புறம் இன்னொன்று. மாட் செய்யும் கருவியான கிரியேஷன் கிட்டில் வேலை செய்யும்போது நீங்கள் மாற்ற நினைக்காத ரெக்கார்டுகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மூல கேமில் உள்ளதை அப்படியே நகலெடுத்த ரெக்கார்டுகூட, அதற்கு முன் லோட் ஆன மாட் செய்த மாற்றத்தை அழிக்கும். வெளியிடும் முன் எக்ஸ்எடிட்டில் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள், அதற்கு அதிக நேரம் ஆகாது.

யாராவது மோதல் என்று வந்தால் முழு லோட் ஆர்டரைக் கேட்காமல் எந்த ரெக்கார்டு, அதன் ஃபார்ம் ஐடி (அடையாள எண்) என்ன என்று கேளுங்கள், எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுங்கள். அனுமதிப் பகுதியில், இந்த மாட்டுக்கு யார் வேண்டுமானாலும் பேட்ச் (மோதலைச் சரிசெய்யும் சிறு பிளகின்) வெளியிடலாம் என்று இப்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாளைக்கு உங்களுக்கு நேரமில்லாமல் போனாலும் வேறொருவர் அந்த வேலையைச் செய்வார்.