கேஸ் ஷீட்டின் முதல் வரியில் ஒரு தேதி: புதிய ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளில் இந்த ஆண்டு ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு வருடமாக வார்டில் செவிலியராக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் காய்ச்சல் வார்டு. உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இருமல், மூச்சுத்திணறல் என்று வருகிறவரை அட்மிட் செய்யும்போது, காய்ச்சல் தொடங்கிய தேதியை கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதுங்கள். "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்று எழுதாதீர்கள். தேதியை எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2020-இல் கொரோனா முதல் அலையில் எங்கள் வார்டுக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். அங்கே தந்த சீட்டில் "மூன்று நாள் காய்ச்சல், இருமல்" என்று இருந்தது. அன்றைக்கு அது சரி. வியாழக்கிழமை எங்களிடம் வந்தார். கேஷுவாலிட்டியில் அந்தச் சீட்டைப் பார்த்து "மூன்று நாள்" என்று எழுதினார்கள். வார்டில் கேஷுவாலிட்டி ஷீட்டைப் பார்த்து நாங்களும் "மூன்று நாள்" என்றே எழுதினோம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 96. நன்றாகப் பேசினார், கடையில் இருக்கிற பையனுக்குப் போன் போட்டுப் பாக்கிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதானே தொடங்கியிருக்கிறது என்று கடைசி வரிசையில், எங்கள் மேஜையிலிருந்து எட்ட இருந்த கட்டிலைக் கொடுத்தோம்.

சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு விரலில் மாட்டிப் பார்த்தபோது 84. உட்கார்ந்த வாக்கில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐசியூவுக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி சொன்னார்: "போன வாரம் வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திட்டு வந்தப்பவே உடம்பு அனலாக் கொதிச்சுது சிஸ்டர்." விரல்விட்டு எண்ணினேன். எங்கள் கணக்கில் அது ஐந்தாம் நாள். உண்மையில் ஒன்பதாம் நாள். அவர் திரும்பி வரவில்லை. அந்த ஷீட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சரியான தேதி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தக் கட்டிலைக் கொடுத்திருக்க மாட்டோம்.

எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வாக்கில்தான் மூச்சு முட்டத் தொடங்கும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான். வூஹானில் முதன்முதலில் அட்மிட்டான 41 பேரைப் பற்றிய கட்டுரை 2020 ஜனவரி 24 அன்றே லான்செட் மருத்துவ இதழில் வந்துவிட்டது. 41 பேரில் 40 பேருக்குக் காய்ச்சல். எட்டுப் பேருக்குச் சர்க்கரை. மூச்சுத்திணறல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது வரவே எட்டு நாள் அல்லது அதற்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த எண் எங்கிருந்து கிடைத்தது? ஒவ்வொருவருக்கும் உடம்பு எந்தத் தேதியில் சரியில்லாமல் போனது என்று யாரோ கேட்டு எழுதியதிலிருந்து. இன்னொன்றும் அதில் இருந்தது. 27 பேர், நோய் தொடங்கிய இடம் என்று முதலில் சந்தேகித்த வூஹான் கடலுணவுச் சந்தையோடு தொடர்புள்ளவர்கள். ஆனால் எல்லோருக்கும் முன்னால், டிசம்பர் 1 அன்று உடம்புக்கு வந்தவருக்குச் சந்தையோடு எந்தத் தொடர்பும் இல்லை. சந்தைக்கு வெளியிலும் தேட வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்ததே அந்தத் தேதிதான். வார்டில் அவசரத்தில் கிறுக்குகிற ஒரு வரி அவ்வளவு தூரம் போகும்.

மருந்துக்கும் இதே கணக்குத்தான். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொரோனாவில் உயிரைக் காப்பாற்றுகிறது என்று சொன்னது நினைவிருக்கும். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் பலன். அதிலும் நோய் தொடங்கி ஏழு நாளைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் பலன். தேதி தெரியாத ஷீட்டை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பார்ப்பது?

கொரோனா பழைய கதை என்று நினைக்காதீர்கள். ஃபுளு வருடா வருடம் வருகிறது. டெல்லியில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில். ஃபுளு மருந்தான ஓசல்டாமிவிரை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அட்மிட் ஆகிற அளவுக்கு மோசமானவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு அதைத் தாண்டியும் கொடுக்கலாம். டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஃபுளு உடம்புக்குள் போய் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் காய்ச்சல் வந்துவிடும். அதனால் கால் முறிவுக்கு வந்து படுத்திருப்பவருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் தொடங்கினால், அது நம் வார்டிலேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலையும், இருமிக்கொண்டே டியூட்டிக்கு வந்த நம்மையும்தான் பார்க்க வேண்டும். தேதி இல்லையென்றால் இது யார் கண்ணிலும் படாது.

கேட்டால் தேதி சொல்ல மாட்டார்களே என்பீர்கள். உண்மைதான். "நாலஞ்சு நாளா இருக்கும்" என்பார்கள். நம் ஜனங்கள் தேதியை வைத்து எதையும் ஞாபகம் வைப்பதில்லை. "தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களாம்மா?" என்று கேளுங்கள். "இல்ல சார், அன்னைக்கே உடம்பு ஒரு மாதிரி இருந்துச்சு, மருமகதான் வேணாம்னுட்டா" என்று வரும். தேதி கிடைத்துவிட்டது. சந்தை நாள், சம்பள நாள், குழுவுக்குப் பணம் கட்டின நாள், கரண்ட் போன நாள், எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைக்குக் கடைசியாக என்றைக்குப் போனார்கள் என்பது பெரும்பாலும் தப்பாது.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமல் இருக்கும். அவர்களிடம் காய்ச்சலைக் கேட்காமல், வீட்டில் சோறு போடுகிறவரிடம் கேளுங்கள்: என்றைக்குச் சாப்பாட்டை ஒதுக்கினார், என்றைக்குப் பேச்சுக் குழறியது? கைக்குழந்தைக்கு, என்றைக்குப் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பியது? நடுவில் காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி குளிரோடு வந்தது என்றால் இரண்டு தேதியையும் எழுதுங்கள். இரண்டாவதாக வந்தது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

சர்க்கரை, கர்ப்பம், ஆஸ்துமா, தடுப்பூசி எல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தேதிக்குப் பக்கத்தில், அதைச் சொன்னது யார் என்றும் எழுதுங்கள். மனைவியா, மகளா, பக்கத்து வீட்டுக்காரரா, கூடவே அவர் போன் நம்பர். இரவு இரண்டு மணிக்கு நான் கூப்பிட வேண்டியது அவரைத்தான்.

அன்புடன்,
காய்ச்சல் வார்டு செவிலியர் ஒருவர்