பெயிண்ட் டப்பாவைத் திறக்காதே

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பியிருக்கிறது. அதற்குக் கீழே மாவு தூவியது போல வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது ஓதம். சனிக்கிழமை பெயிண்டர் வந்து பட்டி பார்த்து அடித்துவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. அந்த வெள்ளை மாவு சுவருக்குள்ளிருந்து வந்த உப்பு. தண்ணீர் செங்கல்லில் ஊறி, உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். மேலே எதை அடித்தாலும் அது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

இருபது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்போம். அடித்த கட்டை எகிறித் திரும்பும் வரை அடிக்கச் சொல்வார் மேஸ்திரி. தண்ணீர் நிற்கக் கூடாது, ஓடிவிட வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டே வேலை கற்றேன்.

அப்படியிருந்தும் நம் வீட்டில் கோட்டை விட்டேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது உனக்கு நினைவிருக்கும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். நம் அரூரிலும் விடவில்லை. நம் மாடியில் மழைத்தண்ணீர்க் குழாயின் வாயை வேப்பிலை அடைத்திருந்தது. குளம் போல நின்ற தண்ணீர், கைப்பிடிச் சுவரோரம் இருந்த மயிரிழை விரிசலில் இறங்கி, பீரோவுக்குப் பின்னால் சுவரை நனைத்திருக்கிறது. பீரோ மறைத்ததால் தை மாதம் வரை யாரும் பார்க்கவில்லை. அடித்தட்டில் வைத்திருந்த உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கவரோடு ஒட்டிப் போய், பிரிக்கும்போது கையோடு வந்தது. நகல் வாங்க நீ எத்தனை முறை லீவு போட்டு அலைந்தாய்! அதற்கு முந்தைய வருஷமே அந்த மூலையில் ஒரு வாடை வந்தது. உன் அப்பா சுண்ணாம்பு அடித்தார், நானும் சும்மா இருந்துவிட்டேன். அது இன்றும் என் மனதை அறுக்கிறது.

உன் வீட்டுக்கு வருகிறேன். பங்குனி வெயிலிலும் அந்தச் சுவர் ஈரமாக இருந்தது என்றாய். அப்படியானால் அது மழைத்தண்ணீர் இல்லை, வீட்டுத்தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்தானே? குழாய் கசிகிறதா, பாத்ரூம் தரை கசிகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று ராத்திரி படுக்கும்போது எல்லாக் குழாயையும் மூடு. மோட்டார் போடாதே. மேலே சின்டெக்ஸ் டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வா. காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் போய்ப் பார். உன்னுடையது ஆயிரம் லிட்டர் டேங்க். ஒரு அங்குலம் இறங்கியிருந்தாலே இருபது லிட்டருக்கு மேல் போயிருக்கிறது. இறங்கியிருந்தால் மறுநாள் டேங்க் அடியில் இருக்கும் கேட் வால்வையும் மூடிவிட்டு இதையே செய். அப்போதும் இறங்கினால் டேங்கிலோ அதன் ஜாயிண்டிலோ கோளாறு. இறங்காமல் நின்றால் வீட்டுக்குள் போகும் லைனில் கசிகிறது.

அதற்கு முன் கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கைப் பார்த்துவிடு. அதுவும் சத்தமில்லாமல் ஒழுகும். அதில் சொட்டு நீலம் கொஞ்சம் ஊற்றி, அரைமணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள். பேசினில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. சின்னச் செலவுதான்.

டேங்க் மட்டம் அசையவே இல்லை என்றால் பாத்ரூம் தரைதான். ஓதம் ஏறியிருக்கும் எல்லையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடு. நாலு நாள் அந்த பாத்ரூமில் குளிக்க வேண்டாம், மாடி பாத்ரூமில் குளியுங்கள். பிறகு தண்ணீர் வெளியே போகும் ஜாலியை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடு. ஓதம் கோட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். டைல்ஸ் இணைப்பில் வைத்த வெள்ளை சிமெண்ட் உதிர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஜாலிக்கு அடியில் இருக்கும் நஹானி ட்ராப் கிண்ணத்தைச் சுற்றி இடைவெளி விட்டிருக்கும். பிளம்பர் வந்ததும் எல்லா டைல்ஸையும் உடைக்க வேண்டும் என்பார். அவசரப்படாதே. முதலில் இணைப்புகளைச் சுரண்டி, தண்ணீர் இறங்காத எபாக்ஸிப் பூச்சு வைத்துப் பார்க்கச் சொல். அதற்கும் நிற்காவிட்டால்தான் உடைக்க வேண்டும்.

இன்னொன்றைப் பார்த்துத்தான் என் வயிறு கலங்கியது. ஓதத்துக்கு ஒரு சாண் மேலே ப்ளக் பாயிண்ட் இருக்கிறது. பையன் தவழ்கிற வீடு. அதில் எதையும் சொருகாதே. இன்றைக்கே மெயினை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்த லைனைக் கழற்றச் சொல். கரண்ட் கசிந்தால் உடனே தானாக அணைந்துவிடும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., இருக்கிறதா என்று மாப்பிள்ளை கேட்கட்டும், இல்லையென்றால் போட்டுவிடட்டும். சுவர் பிறகு.

சமையலறைக் குழாய் சொட்டுவதாகவும் போனில் சொன்னாய். அடியில் ஒரு டம்ளர் வைத்து மணி பார். 200 மில்லி டம்ளர் கால் மணி நேரத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 19 லிட்டர், ஒரு குடத்துக்கு மேல். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு குடத்துக்காக நான் ஒரு மைல் நடந்தேன். அதுவும் ஃப்ளோரைடு தண்ணீர். உன் அப்பாவின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை அந்தத் தண்ணீர் தந்தது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரித் தண்ணீர் நம் தெருக்குழாயில் வந்த அன்று நான் குடத்தை நிரப்பாமல் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டே நின்றேன். அந்தத் தண்ணீர் உன் வீட்டுச் சுவருக்குள் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தர்மபுரி வந்து, அங்கிருந்து ஓசூர் பஸ் ஏறுகிறேன். பத்து பதினொரு மணிக்கு வந்துவிடுவேன். அந்தப் பூச்சை நானே தட்டிப் பார்க்க வேண்டும். டொக்கு டொக்கென்று சத்தம் வரும் இடத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு, சுவர் காயும் வரை திறந்தே விட வேண்டும். காய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பொறுத்துக்கொள். பெயிண்டருக்கு இன்றே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

அம்மா