சங்கு இன்னும் ஊதவில்லை

அப்பா வீட்டில் பத்திரமாக இருக்கிறார். பக்கத்து அறையில் அவர் குறட்டை கேட்கிறது. அல்சைமர் மறதிநோய் உள்ள அவர் நேற்று வீட்டைவிட்டுக் கிளம்பிக் காணாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

படத்தைப் பகிர்ந்தவர்கள், ரயில்வே காலனியைச் சந்து சந்தாகச் சுற்றிய ஆட்டோ அண்ணன்கள், காவல் நிலையத்தில் இருந்தவர்கள், 14567 முதியோர் உதவி எண்ணில் நிதானமாகப் பேசிய பெண், ராத்திரி சோறு கொண்டுவந்து வைத்த எதிர்வீட்டு அக்கா, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பொன்மலைப்பட்டி சலூன் தம்பிக்குத்தான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு சட்டைமேல் இன்னொரு சட்டை, பொத்தான் எல்லாம் இடம் மாறி, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று அப்பா பதறிப் போய்க்கொண்டிருந்தாராம். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் ஃபிட்டர். அந்த ஒர்க்‌ஷாப் 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கதையை இப்போதும் பிசகாமல் சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் முழிப்பார். வேறு யாராக இருந்தாலும், "நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே" என்றிருப்பார்கள். நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பி, "ஷிப்ட் சங்கு இன்னும் ஊதலையே ஐயா, அதுக்குள்ள ஷேவ் பண்ணிட்டுப் போங்க" என்று உட்காரவைத்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அப்பா கண்ணாடி முன்னால் இருந்தார். பிரஷ் அவர் கையில்! இடது கையால் மூக்கு நுனியைத் தூக்கிப் பிடித்து, மேலுதட்டில் தானே நுரை தடவிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக அவருக்கு நான்தான் ஷேவ் செய்துவிடுகிறேன். அவரால் முடியாது என்றே முடிவுகட்டியிருந்தேன்.

நினைவாற்றல் பரிசோதனையில் அப்பாவுக்கு 30க்கு 14. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற ஹிப்போகாம்பஸ்தான் இந்த நோயில் முதலில் அடிபடும், கை பழகிய வேலைகள் மூளையில் வேறு இடங்களில் இருப்பதால் இன்னும் கொஞ்ச காலம் தங்கும் என்று டாக்டர் அன்றே சொன்னார். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, இவற்றில் எதையெல்லாம் தானாகச் செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "நான்தான் செஞ்சுவிடறேன் டாக்டர்" என்றேன், அதுதான் பாசம் என்று நினைத்து. காலையில் ஆபீஸுக்கு ஓடும் அவசரமும் அதில் இருந்தது. அவரிடம் மிச்சமிருந்ததையும் நானே பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சட்டையைக் கையில குடுங்க அக்கா, மீதிய அவர் பாத்துக்குவாரு" என்றார் தம்பி. ஷேவுக்குக் காசும் வாங்கவில்லை.

இன்று காலை ஒரே ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். முதல் பொத்தானை மட்டும் தொட்டுக் காட்டினேன். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. கடைசிப் பொத்தான் மாறிப்போனது, அதை அப்படியே விட்டுவிட்டேன். இனிமேல் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் தம்பி. பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுங்கள்.