மார்கழியில் நடராஜர் முன் ஒரு மாலை

ஆசிரியருக்கு,

மார்கழி வந்தால் சென்னை சபாக்கள் நிரம்பி வழிகின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்திலோ வெண்கலச் சிலையாகத் திருவாலங்காட்டு நடராஜர் ஆண்டு முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறார். திருவாதிரையை ஒட்டி ஒருநாளாவது அந்தக் கூடத்தை இரவு 8 மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று சுவாமிமலை ஸ்தபதி ஒருவரை அழைக்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வது, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது, அப்புறம் சூட்டில் மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவது என எல்லாவற்றையும் அவர் பிள்ளைகளுக்கு விளக்கட்டும். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அந்த அச்சு மறுபடி உதவாது. இதைத் தெரிந்துகொண்டு அதே அருங்காட்சியகத்தில் உள்ள திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்தால் நகரவே மனம் வராது. போன கோடையில் என் பேத்தி அங்கே அரைமணி நேரம் நின்றாள்.

கோடை விடுமுறைக்கும் ஒரு யோசனை. மே 18 உலக அருங்காட்சியக தினம். அந்த வாரம் பிள்ளைகள் சிலைகளின் முன் உட்கார்ந்து வரைய ஒரு பாயும், ஆளுக்கொரு பென்சிலும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை