உன் பெயரில் வெயில் இல்லை

அன்புள்ள இளவெயினிக்கு,

பிறக்கப்போகும் குழந்தைக்கு, கேட்டவர்கள் ஒரே தடவையில் எழுதிவிடக்கூடிய பெயராகத் தேடுகிறோம் என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். குத்தல் எனக்குப் புரிந்தது. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் உன் பெயரை எழுதிவைத்தார்கள். இரண்டும் ஒருத்திதான் என்று உறுதிமொழிப் பத்திரத்தோடு அலைந்தவன் நான்தானே.

இத்தனை வருடமாக உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். யார் கேட்டாலும் "இளம் வெயில் என்று பொருள்" என்கிறாய். அது பிழை. பிழை என்னுடையது. நீ விடிந்த சற்று நேரத்தில் பிறந்தாய். ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது, எங்கோ படித்த பெயர் நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டேன். உனக்கு நான்கு வயதானபோதுதான் புறநானூற்று உரையைப் புரட்டி விழித்தேன்.

இள என்பதோடு எயினி சேர்ந்தது இளவெயினி. நடுவில் வந்து உட்கார்ந்த வகரம் வெறும் உடம்படுமெய், இரண்டு உயிரெழுத்துகளை இணைக்க வருவது. அதுதான் என்னை ஏமாற்றியது. எயினர் என்றால் பாலை நிலத்து வேட்டுவர். அவர்கள் குலத்துப் பெண் எயினி. அம்பு எய்வதிலிருந்து வந்த சொல் என்பார்கள். உன் கோபத்துக்கு இதுதான் பொருத்தம் என்று அம்மா அன்றே சிரித்தாள்.

இந்தப் பெயரில் சங்கப் புலவர்கள் இருவர் உண்டு. பேய்மகள் இளவெயினி பாடிய 11ஆம் புறப்பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. சேர மன்னன் பாலை பாடிய பெருங்கடுங்கோவிடம் பாடினி பொன்னணி பெற்றாள், பாணன் வெள்ளி நாரில் தொடுத்த பொற்றாமரை பெற்றான் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். தனக்கு என்ன என்று ஒரு சொல் கேட்பதில்லை. இந்தப் பாட்டின் துறை பரிசில் கடாநிலை, அதாவது பரிசு கேட்டு நிற்பது. தம்பிக்கு வாங்கியதையும் அத்தை மகளுக்கு வாங்கியதையும் எண்ணிச் சொல்லிவிட்டு நீ சும்மா நிற்பாயே, அதேதான்.

குறமகள் இளவெயினி 157ஆம் பாட்டில் குறவர் தலைவன் ஏறைக்கோனைப் புகழ்கிறாள். தன்னவர் தவறு செய்தால் பொறுப்பானாம். இதை இங்கே எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

பரிபாடலில் கடுவன் இளவெயினனார் என்று ஆண்பால் வடிவமும் உண்டு. பிறகு பெயர் வழக்கில் மங்கிவிட்டது. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கி, வேதாசலம் மறைமலையடிகள் ஆனபின் பழம்பெயர்கள் பல திரும்பிவந்தன. ஆனால் உன் வகுப்புகள் எதிலும் இன்னொரு இளவெயினியை நான் பார்த்ததில்லை. யாழினிகள் வரிசையாக இருந்தார்கள்.

தன் பேரனுக்குத் தான் சொன்ன பெயரையே வைத்தார்கள் என்கிறாள் உன் அத்தை. எதிர்வீட்டுக்காரரும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறார். எயினி என்றால் மூன்றே எழுத்து.

நான் எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா