சுழல் சிறைகளைப் பேணிவரும் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாளர்களுக்கு,

வணக்கம். கைதிகளின் அறைகளே சுழலும்படி அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சுழல் சிறைகளில், கிராஃபோர்ட்ஸ்வில், கவுன்சில் பிளஃப்ஸ், கலட்டின் ஆகிய மூன்று ஊர்களில் உள்ளவை மட்டுமே இன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றை இடிபடாமல் காத்துவரும் உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

இண்டியானாபொலிஸ் நகரக் கட்டடக்கலைஞர் வில்லியம் பிரவுனும் இரும்பு வார்ப்பாலை நடத்திய பெஞ்சமின் ஹாவும் 1881இல் சுழல் சிறைக்குக் காப்புரிமை பெற்றபோது, சிறைக்காவலர் கைதியை நெருங்காமலேயே அவரைக் கட்டுப்படுத்துவதுதான் தங்கள் நோக்கம் என்று ஒளிவுமறைவின்றி எழுதினர். வட்டத்தை ஆப்புகளாக அறுத்ததுபோன்ற அறைகள் நடுத்தண்டைச் சுற்றி அமைந்திருக்க, அசையாத வெளிக்கம்பிக் கூண்டில் தளத்துக்கு ஒரே ஒரு வாயில் மட்டும் இருக்கும். காவலர் கைப்பிடியைச் சுழற்றி, வேண்டிய அறையை அந்த வாயிலுக்கு நேரே கொண்டுவருவார். 1882இல் கிராஃபோர்ட்ஸ்வில்லில் இரண்டு அடுக்குகளில் 16 அறைகள். 1885இல் கவுன்சில் பிளஃப்ஸில் மூன்று அடுக்குகள், அடுக்குக்குப் பத்து.

கழிவுக்குழாய்களை நடுத்தண்டின் வழியே இறக்கி ஒவ்வோர் அறைக்கும் கழிப்பிடம் தந்தது, வாளிகளே வழக்கமாயிருந்த காலத்தில் சிறிய காரியமன்று; அந்தப் பெருமையை அவர்களுக்குத் தரத்தான் வேண்டும். ஆனால் தீப்பற்றினால் ஒரு நேரத்தில் தளத்துக்கு ஓர் அறையை மட்டுமே திறக்க இயலும் என்பதும், கம்பிக்கு வெளியே நீண்டிருந்த கையோ காலோ அறைகள் சுழலும்போது நசுங்கியது என்பதும் அதே வரைபடத்திலிருந்து பிறந்தவைதாம். நடுவில் ஒரு கண்காணிப்பு மேடையை வைத்து எல்லோரையும் பார்க்க விரும்பிய ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாமின் வட்டச்சிறைத் திட்டத்தில்கூட அறைகள் நின்ற இடத்தில்தான் நின்றன.

கிராஃபோர்ட்ஸ்வில்லில் 1930களின் இறுதியில் சுழற்சி நிறுத்தப்பட்ட பின்னரும், 1973 வரை அந்தக் கட்டடம் சிறையாகவே இயங்கியது. பெருமைக்குரிய அந்தப் பொறியே இல்லாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்களோ!

ஆகவே, கைப்பிடியைக் காட்டி வியக்கவைப்பதோடு விளக்கத்தை முடித்துவிடாதீர்கள். அசையும் அறைகளும் அசையாக் கம்பியும் ஒன்றையொன்று கடக்கும் அந்தக் குறுகிய இடைவெளிக்குப் பார்வையாளரை அழைத்துச் சென்று, காப்புரிமையில் எழுதப்பட்ட அந்த நோக்கத்தை அங்கேயே ஒரு பலகையில் எழுதிவையுங்கள்.

இங்ஙனம்,
சிறைக் கட்டடங்களின் வரலாற்றைப் பயிலும் ஒரு வாசகர்